பழைய டீசல் ஜீப்பும் பண்ணைக் கணக்கும்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபொழுது, கிராமத்தார் பலர் அதனை முதன்முதலில் அறிந்தது ஒரு ஜீப் வண்டியின் வாயிலாகவே எனலாம். சாலை முடிந்த இடத்திலும் நில்லாமல், வண்டிப்பாதையிலும் ஓடை மணலிலும் இறங்கி ஊருக்குள் வந்து சேர்ந்த அவ்வாகனத்தைச் சிறுவர் பின்தொடர்ந்து ஓடினர். பெரியோர் திண்ணையினின்று எழுந்து நோக்கினர். இரண்டாம் உலகப் போரில் படைகளுக்கென அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட அந்த வண்டியை, 1940-களின் இறுதியில் மகீந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். அந்நாளைய ஜீப்புகள் பெட்ரோலில் ஓடியவை. டீசல் யந்திரம் பூட்டிய ஜீப்புகள் பின்னரே பெருகின.

இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. 15 ஆண்டு நிறைவுற்ற அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என மத்திய அரசு விதி செய்தபின், அலுவலக வளாகங்களில் பழைய ஜீப்புகளுக்கு இடமில்லாது போயிற்று. ஆனால் குடியானவரின் கொட்டகையில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2112 கன சென்டிமீட்டர் பீஜோ யந்திரம் பூட்டிய எம்.எம். 540, 1990-களில் வந்த கமாண்டர், 2000-ஆம் ஆண்டில் வந்த பொலிரோவின் பழைய வகைகள், 2523 கன சென்டிமீட்டர் டீசல் யந்திரம் பூட்டிய பிற ஜீப்புகள் ஆகியவற்றைத் தொப்பம்பட்டி ஒன்றியத்தில் எந்தத் திசையில் சென்றாலும் காணலாம். முருங்கையும் தக்காளியும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்வது பல வீடுகளில் இவ்வண்டியில்தான். பாச்சலூர், தாண்டிக்குடிப் பக்கம் மலைத்தோட்டம் வைத்திருப்போர்க்கு இதுவே கால். மழை பெய்து கரிசல் மண் குழம்பாகிவிட்ட நாளில், தோட்டத்து வீட்டிலிருந்து நோயாளியைப் பெருஞ்சாலைவரை கொணர வேறு வண்டி வருவதில்லை.

அத்தகைய வண்டி விடியற்காலை நான்கு மணிக்குச் சரக்கோடு நடுவழியில் நின்றுவிடின் நேரும் நட்டத்தைச் சந்தைக்குச் சென்றோர் அறிவர். எட்டு மணிக்கு மேல் வந்த தக்காளிக்கு விலை சொல்வார் குறைவு. வண்டி நின்றதற்கு அதன் வயதையே பலரும் காரணமாகக் கூறுகின்றனர். நாம் கண்டவரையில் வயதைவிடத் தூசியும், தண்ணீரும், எழுதப்படாத கணக்குமே அதற்குக் காரணமாகின்றன.

கணக்கு எங்கே தவறுகிறது

கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். "வண்டிக்கு என்ன செலவாகிறது?" என்று வினவினால், டீசல் செலவைத்தான் எல்லோரும் கூறுகின்றனர். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடும் ஜீப்புக்கு, டீசல் விலை 95 ரூபாய் எனக் கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 ரூபாய் 60 காசு ஆகிறது. இதனோடு கணக்கு முடிந்துவிட்டதென்று எண்ணுவதே ஏமாற்றம்.

ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சொந்த ஜீப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கீழ்வரும் தொகைகளுட் சில நாம் வசதிக்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர்க் கடை விலையை அவ்விடத்தில் இட்டுக்கொள்க. டீசலுக்கு 51,800 ரூபாய். யந்திர எண்ணெய், வடிகட்டிகள், கியர் எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றுக்கு 5,000 ரூபாய். டயர் ஒன்று 6,500 ரூபாய் வீதம் நான்கும் 40,000 கிலோமீட்டர் உழைக்குமாயின் ஓராண்டின் பங்கு 3,900 ரூபாய். 7,500 ரூபாய் பாட்டரி மூன்றாண்டு வருமாயின் ஆண்டுக்கு 2,500 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு, 1,500 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தனியார் வண்டிகளுக்கு 2022 ஜூன் முதல் விதிக்கப்பட்ட 7,897 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத வரியும் சேர்ந்து 9,318 ரூபாய். பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை ஐந்தாண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 1,000 ரூபாய். சில்லறைப் பழுதுகளுக்கென 12,000 ரூபாய் ஒதுக்குவோம். ஆக மொத்தம் 85,518 ரூபாய். கிலோமீட்டருக்கு 14 ரூபாய்க்கு மேல்.

இதே வண்டி ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிறதென்று வைத்துக்கொள்வோம். டீசலும் டயரும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். காப்பீடு குறையாது. பாட்டரி, ஓடினாலும் நின்றாலும் வயது முதிரும். எண்ணெயை ஆண்டு முடிவில் மாற்றியே தீரவேண்டும். பழுதுச் செலவும் பெரிதாகக் குறைவதில்லை. நிற்கும் வண்டியில் ரப்பர் காய்வதும் பிரேக் துருப்பிடிப்பதும் உண்டு. இவ்வகையில் மொத்தம் 48,000 ரூபாயைத் தாண்டும். கிலோமீட்டருக்கு 24 ரூபாய் ஆகிவிடும். குறைந்த ஓட்டத்திற்குக் கூலி வண்டி அமர்த்துவதா, சொந்த ஜீப்பை வைத்திருப்பதா என்னும் கேள்விக்கு விடை இந்த எண்ணில் இருக்கிறதே அன்றி, வண்டியின் வயதில் இல்லை. மலைத்தோட்டத்துக்குக் கூலி வண்டி வராது என்பாருக்கு 24 ரூபாயும் நியாயமே. பெருஞ்சாலையோரத்தில் வீடு உடையவருக்கு அது வீண் செலவு.

ஒவ்வொருவரும் தம் கணக்கை அறிய ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். அரசு வாகனம் ஒவ்வொன்றுக்கும் லாக் புத்தகம் உண்டு. எந்த நாள், எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று எழுதாமல் வண்டி நகராது. அதனைத் தொல்லை என்று ஓட்டுநர் முணுமுணுப்பதும் உண்டு. ஆயினும் வண்டியின் நோயை முதலில் கூறுவது அந்தப் புத்தகமே. 11 கிலோமீட்டர் தந்த வண்டி 9 தரத் தொடங்குமாயின், காற்று வடிகட்டி அடைத்துள்ளதோ, பிரேக் பிடித்தபடி ஓடுகிறதோ, நாசில் ஒழுகுகிறதோ என்று தேடலாம். கிலோமீட்டர் காட்டும் கருவி பழுதாகிக் கிடப்பின், முதல் வேலையாக அதன் கேபிளை மாற்றுக. பஞ்சாயத்துக்குச் சொந்தமான டிராக்டர் உள்ள இடங்களிலும், மணிக்கணக்கு எழுதி இம்முறையைக் கையாளலாம்.

தூசி

நம் ஒன்றியம் பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளி. பாலக்காட்டுக் கணவாய் வழியே புறப்படும் காற்று ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் இங்கு ஓயாது வீசுகிறது. காற்றாலைகளுக்கு அது வரம். ஜீப்பின் யந்திரத்துக்கு அதுவே சாபம். உழுது கிடக்கும் செம்மண் நிலத்தினின்று எழும் தூள், கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியது. ஆனால் அதில் இருப்பது மணல். எண்ணெயோடு கலந்த மணல் சாணைக்கல்லின் வேலையைச் செய்யும். சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்க்கும். தேய்ந்த பின், எண்ணெய் எரிந்து நீலப் புகை வரும், இழுவை குறையும், காலையில் யந்திரம் எளிதில் கிளம்பாது. அப்பொழுது செய்ய வேண்டியது யந்திரத்தைப் பிரித்து வேலை பார்ப்பது ஒன்றே. ஒன்றியத்தின் கிழக்குப் பகுதியில் ஓர் அன்பர், ஓராண்டு முருங்கை விற்ற பணத்தின் பெரும்பகுதியை இவ்வாறு பட்டறையில் செலுத்த நேர்ந்தது. அவரது வண்டியின் காற்று வடிகட்டிக் கிண்ணத்தில் எண்ணெய் ஒரு சொட்டும் இருக்கவில்லை.

பழைய ஜீப்புகள் பலவற்றில் எண்ணெய்க் கிண்ணம் உள்ள காற்று வடிகட்டியே உண்டு. உள்ளே இழுக்கப்படும் காற்று எண்ணெயின் மீது மோதித் திரும்பி, கம்பி வலை வழியே மேலேறிச் செல்கிறது. காற்று திரும்பும், கனமான தூசி திரும்பமாட்டாமல் எண்ணெயில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அமைப்பு மிக எளியது, செலவும் இல்லை. ஆனால் கிண்ணத்தில் எண்ணெய் குறியளவுக்கு இருக்கவேண்டும். குறைந்தால் தூசி தப்பிச் செல்லும். மிகுந்தால் எண்ணெயே யந்திரத்துக்குள் இழுக்கப்படும். அடியில் சேறு அரை விரற்கடை படிந்ததும் கிண்ணத்தைக் கழற்றி, டீசலில் கழுவி, துடைத்து, புதிய எண்ணெய் ஊற்றுக. கம்பி வலையையும் டீசலில் அலசி, வடியவிட்டு மாட்டுக. சாதாரண மாதங்களில் இருவாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது போதும். ஆடிக் காற்றில், வாரம் ஒருமுறை; அறுவடை நாட்களில் சோளத்தட்டைத் தூசியில் நின்று ஓடிய வண்டியெனில் அன்று மாலையே.

காகித வடிகட்டி உள்ள வண்டிகளில் முறை வேறு. அதனை நீரிலோ டீசலிலோ கழுவுதல் கூடாது. மென்மையாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். பஞ்சர் கடையின் காற்றை உள்ளிருந்து வெளியே குறைந்த வேகத்தில் செலுத்தலாம். வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூசி காகிதத்தின் நுண்துளைகளில் ஆழமாகப் புதையும். காகிதம் ஓரிடத்தில் கிழிந்திருப்பினும் வடிகட்டி இல்லாததற்குச் சமம்.

இன்னொன்று பலரும் காணாதது. வடிகட்டியினின்று யந்திரத்துக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் வெயிலில் வெடித்திருக்கக்கூடும். அதன் கிளிப் தளர்ந்திருக்கக்கூடும். வடிகட்டி எவ்வளவு தூய்மையாக இருந்தும், தூசி அவ்வெடிப்பின் வழியே நேரே உள்ளே செல்லும். யந்திரத்தை நிறுத்திவிட்டு, குழாயைக் கழற்றி, உட்புறத்தில் விரலைத் தேய்த்துப் பார்க்க. விரலில் மண் ஒட்டுமாயின் எங்கோ வாயில் திறந்திருக்கிறது.

டீசலில் தண்ணீர்

டீசல் பம்பும் நாசிலும் மிக நுண்ணிய இடைவெளியில் இயங்குபவை. அவற்றுக்கு உயவு தருவது டீசலேயன்றி வேறு எண்ணெய் அன்று. எனவே, டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் மிச்சம் என்று கருதுவோர், சில நூறு ரூபாயை மிச்சம்பிடித்துப் பல்லாயிரம் ரூபாய் பெறும் பம்பைத் தேய்க்கின்றனர். தண்ணீர் அதனினும் கொடியது, துருவேற்றும். தொட்டி பாதி காலியாக இரவில் நின்றால், உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். பீப்பாயில் வாங்கி வைத்த டீசலிலும் மழைநீர் இறங்குவது உண்டு. மாலையில் தொட்டியை நிரப்பி வைப்பதும், பீப்பாயைச் சற்றே சாய்த்து வைத்து அடிப்பகுதி டீசலை எடாமல் விடுவதும் நன்று. வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வாரம் ஒருமுறை கண்ணாடிக் குவளையில் சிறிது டீசல் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் முத்து முத்தாய் அடியில் நிற்கும். தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்குக.

டீசல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டால், மீண்டும் டீசல் ஊற்றியும் பல வண்டிகள் கிளம்புவதில்லை. குழாயில் காற்று அடைத்துக்கொள்வதே காரணம். இதற்கெனப் பழனியிலிருந்து மெக்கானிக்கை அழைப்பதும், அவர் வரும்வரை சுயவிசையைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பாட்டரியைக் கொல்வதும் வழக்கமாயுள்ளன. காற்றெடுக்கும் முறையை வீட்டில் இருவரேனும் கற்றிருத்தல் வேண்டும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க. முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியின்றி டீசல் மட்டும் வழிந்ததும் இறுக்குக. அடுத்து டீசல் பம்பின் மீதுள்ள திருகிலும் அவ்வாறே செய்க. இதன் பின்னும் கிளம்பாவிடின், நாசிலுக்குச் செல்லும் குழாய்களில் இரண்டின் நட்டைச் சிறிது தளர்த்தி, ஒருவர் சுயவிசையைச் சுழற்ற, டீசல் கசிந்ததும் இறுக்கவேண்டும். அப்பொழுது முகத்தையும் கையையும் தள்ளி வைத்துக்கொள்க. நாசிலினின்று பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும் வேகமுடையது. ஊசி குத்தியதுபோன்ற சிறு காயமே தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய காயம் அது.

கிணற்று நீரும் ரேடியேட்டரும்

நம் பகுதி ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் உப்பு மிகுந்தது. சோறு பொங்கும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதை இல்லத்தரசியார் அறிவர். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படிகிறது. சில ஆண்டுகளில் குழல்கள் அடைபட்டு, மலைச்சாலையில் வண்டி கொதிக்கிறது. கொதிப்பதைக் கண்டு தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மூர்ப் பட்டறைகளில் உண்டு. அதனால் யந்திரம் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, டீசலை மிகுதியாகக் குடித்து, சிலிண்டரையும் தேய்க்கும். வால்வு பழுதெனில் புதியது போடுக. நீருக்குப் பதில், கடையில் விற்கும் கூலண்ட் திரவத்தைச் சொல்லிய அளவில் கலந்து ஊற்றுவதே முறை. கலப்பதற்குக் கூரையினின்று முதல் மழைக்குப் பின் பிடித்து, துணியில் வடித்த மழைநீர் கிணற்று நீரைவிட மேல். சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் கூடவே கூடாது.

யந்திர எண்ணெயைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். டீசல் யந்திரத்தின் எண்ணெய் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், கறுப்பு குற்றமன்று. நிறம் பார்த்து மாற்றாமல், 5,000 கிலோமீட்டர் அல்லது கையேட்டில் கண்ட அளவு என்று நோட்டைப் பார்த்து மாற்றுக. அளவுகோலில் எண்ணெய் குறைவது இயல்பு. ஏறுமாயின் டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று அறிக. மோர்போல் வெளுத்திருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுக. வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றருகே கொட்டுதல் ஆகாது. டப்பாவில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைத்தால், அங்கிருந்து எடுத்துச் செல்வார் உளர்.

புகையின் நிறம் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் விளங்கும். கருப்புப் புகை, காற்று போதாமையையோ டீசல் மிகுதியையோ காட்டும். முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்க. நீலப் புகை எண்ணெய் எரிவது. கிளம்பும்போது வெண்புகை வந்து சூடானதும் நின்றால், ஹீட்டர் பிளக் உள்ள யந்திரத்தில் அவற்றுள் ஒன்று பழுதாயிருக்கலாம். சூடான பின்னும் வெண்புகை நில்லாமல், ரேடியேட்டர் நீரும் குறையுமாயின் அது பட்டறை வேலை.

முன்சக்கர விசை

நான்கு சக்கர விசை என்பது எப்போதும் போட்டு வைப்பதற்கன்று. இப்பழைய வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டை ஏற்கும் அமைப்பு இல்லை. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று அதிகத் தொலைவு சுழலவேண்டும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சறுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் சறுக்க இடமில்லை. ஷாஃப்டும் கிராஸும் முறுக்கேறும், லீவரும் இறுகிவிடும். எனவே தார்ச்சாலை வந்ததும் முன்விசையை எடுத்துவிடுக. இதே காரணத்தால் முன்னே தேய்ந்த டயரும் பின்னே புதிய டயரும், அல்லது இருவேறு அளவுள்ள டயர்களும் இவ்வண்டிக்கு ஆகா. கிடைத்த விலைக்குக் கிடைத்த டயரை மாட்டும் பழக்கம், பின்னர் கியர்ப் பெட்டியில் வந்து முடிகிறது.

அதற்காக முன்விசையைத் தொடாமலே வைப்பதும் தவறு. மாதம் ஒருமுறை மண்பாதையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போட்டு ஓட்டினால், முன் அச்சின் பல்சக்கரங்களும் ஆயில் சீல்களும் நனைந்து நிற்கும். ஐப்பசி மழையில் தேவைப்படும்போது லீவர் துருப்பிடித்து அசையவில்லை என்னும் நிலை வராது. கரிசல் சேற்றில் சிக்கினால், கிளட்சை மிதித்து மிதித்து எழுப்ப முயல வேண்டாம். கருகிய வாடை வருவது கிளட்ச் பிளேட் எரிவதால். தாழ்கியரில் இழுவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். சேற்றில் இறங்குமுன்னரே அதனைப் போட்டு, நிதானமாக, நில்லாமல் கடப்பதே முறை.

கிரீஸ் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருப்பது நலம். ஷாஃப்டின் கிராஸ்கள், ஸ்பிரிங் பட்டையின் பின்கள், ஸ்டீரிங் முனைகள் எங்கெங்கு நிப்பிள் உண்டோ அங்கெல்லாம் துடைத்துவிட்டுப் பழைய கிரீஸ் வெளிவரும்வரை அடிக்க வேண்டும். ஓடையைக் கடந்த வண்டிக்கு அன்றே அடிக்க. நிப்பிளைத் துடைக்காமல் அடித்தால் கிரீஸோடு மணலையும் உட்செலுத்துவோம். ஸ்பானர் வாங்குவோர் ஒன்றை நினைவிற்கொள்க: பீஜோ யந்திரம் பூட்டிய ஜீப்புகளில் யந்திரத்தின் நட்டுகள் மில்லிமீட்டர் அளவிலும், அடிச்சட்டத்தின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவிலும் இருக்கும். பொருந்தா ஸ்பானரால் நட்டின் முனையை மழுக்கிவிட்டுப் பின்னர் உளி வைத்து அடிப்பது, நம் நாட்டு ஜீப் ஒவ்வொன்றின் உடம்பிலும் காணும் தழும்பு.

உயிரைப் பற்றிய இரண்டு

பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னே ஷாஃப்டில் இருக்கிறது. இதனை அறியாமல், பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கைப்பிரேக் போட்டிருக்கிறோம் என்று வண்டியின் அடியில் நுழைவோர் உளர். ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தால், அது சுழல இடம் கிடைப்பதால், ஷாஃப்டைப் பிடித்திருந்தும் மற்றச் சக்கரம் உருளும். வண்டி ஜாக்கியினின்று சரியும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கல்லோ மரக்கட்டையோ அண்டக் கொடுக்காமல் ஜாக்கியை ஏற்றக்கூடாது. அச்சின் கீழ் வலிய மரக்கட்டை வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக்கூடாது. செங்கல்லும் சிமென்ட்டு ஹாலோ கல்லும் நொறுங்கும், அவை உதவா.

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் சேர்ந்த எண்ணெய் மலை இறக்கத்தில் சூடேறியதும் ஆவிக்குமிழியாகி, மிதி தரைவரை இறங்கிவிடும். ஈராண்டுக்கொருமுறை அதனை முற்றிலும் மாற்றுக. கிண்ணத்தில் எண்ணெய் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போகாமல், எந்தச் சக்கரத்தின் உட்புறம் நனைந்திருக்கிறது என்று பார்க்க. மலைச்சாலையில் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் பிரேக்குக்கு வேலை குறையும்.

பம்பு கலிபரேஷன், நாசில் சோதனை, ஸ்டீரிங் பெட்டி, சிலிண்டர் ஹெட் இவற்றை வீட்டில் தொடவேண்டாம். டீசல் பம்பின் முத்திரையை உடைத்துத் திருகைத் திருப்பினால் இழுவை கூடும் என்று சொல்வார் உண்டு. கூடுவது புகையும் செலவுமே.

பதிவுத் தாள்

"பத்தாண்டு ஆன டீசல் வண்டி ஓடக்கூடாதாமே" என்று கிராமங்களில் நம்மை வினவுகின்றனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லும், உச்ச நீதிமன்றம் 2018-லும் இவ்வகையில் பிறப்பித்த ஆணைகள் தில்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றியவை. அவ்வாணைகளைக் காட்டி நம் மாவட்டத்தில் யாரேனும் வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். பசுமை வரியும் அப்பொழுது செலுத்தவேண்டும். கார், ஜீப் வகைக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. அத்தகைய வண்டி உடையோர் மேற்கண்ட கணக்கில் ஆண்டுக்கு 1,000 என்பதை 2,000 எனத் திருத்திக்கொள்க.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றைப் பழைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை பெறவேண்டும். சொந்த உபயோகத்துக்கெனப் பதிந்த ஜீப்பில் வாடகைக்கு ஆளோ சரக்கோ ஏற்றினால், விபத்து நேர்ந்தபோது காப்பீட்டு நிறுவனம் அதனைக் காட்டிப் பொறுப்பை மறுக்க இடமுண்டு. திருவிழா நாட்களில் இருபது பேரை ஏற்றிச் செல்வோர்க்கும் இது பொருந்தும்.

புதுப்பிப்புக்கான 25-ஆம் எண் படிவத்தைப் பதிவு முடியும் நாளுக்கு முன் 60 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்கலாம். நாள் கடந்தபின் சென்றால், தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதலாகக் கேட்பர். பதிவு முடியும் நாளை அந்த நாற்பது பக்க நோட்டின் முதற்பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்க. காப்பீடு முடியும் நாளும் அதன் கீழேயே இருக்கட்டும்.